பத்து மீனும் வேணாம் நைனாவும்

பொருள் வாங்கப் போகிறவனுக்குக் கை கால் நடுங்கும் கடை இந்த உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது திருத்தணியில், அரக்கோணம் போகிற சாலையில், ஒரு சைக்கிள் கடையை ஒட்டி இருக்கிறது. வண்ண மீன் கடை. அங்கே விற்ற மீன்களைவிடத் திருப்பி அனுப்பப்பட்ட ஆட்களே அதிகம் என்று ஊரில் சொல்வார்கள். நானே ஐந்து தடவை திருப்பி அனுப்பப்பட்டவன் என்பதால் நம்புகிறேன்.

கடைக்காரருக்கு வேணாம் நைனா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் யாருக்கும் தெரியாது. வாசலில் யார் வந்து நின்றாலும், அவர்கள் வாய் திறப்பதற்கு முன்பே, "வேணாம் நைனா" என்பார். ஒல்லியான ஆள். கழுத்தில் ருத்ராட்சம், நெற்றியில் பட்டையாக விபூதி, மூக்குக் கண்ணாடிக்குப் பின்னால் எப்போதும் பயந்துபோன இரண்டு கண்கள். நாம் அவரைப் பார்த்துப் பயப்படுவோம், அவர் நம்மைப் பார்த்துப் பயப்படுவார். நம் கையில் கொடுத்தால் மீன் செத்துப்போகும் என்பது அவருடைய அசைக்க முடியாத நம்பிக்கை.

புதிதாகக் கல்யாணமான ஒருவர் மனைவியோடு வந்து, ஃபைட்டர் மீன் ஜோடியாக வேண்டும் என்று கேட்டார். நைனா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீங்க ரெண்டு பேரும் இன்னும் சண்ட போடலியா?"

அந்தப் பெண் வெட்கப்பட்டுக்கொண்டு இல்லை என்றாள்.

"போடுவீங்க. அப்ப நீ கோச்சிக்கினு அம்மா வூட்டுக்குப் போலாம். தொட்டிக்குள்ள அம்மா வூடு ஏதும்மா? வேணாம் நைனா."

ஒரு இன்ஸ்பெக்டர் ஜீப்பை விட்டு இறங்காமலே, தங்க மீன், டைகர் பார்ப், குட்டிச் சுறா எல்லாவற்றிலும் ரெண்டு ரெண்டு போடச் சொன்னார். நைனா கும்பிட்டபடியே ஜீப் அருகில் போய்ச் சொன்னார்.

"சார், பிக்பாக்கெட்டு, கொலகாரன், குடிச்சிட்டு வந்தவன் அல்லாரையும் ஒரே லாக்கப்புல போட்டு ராவெல்லாம் பூட்டி வெப்பீங்களா?"

இன்ஸ்பெக்டர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு வண்டியை எடுக்கச் சொன்னாராம்.

கடைவீதி ஜவுளிக்காரர் கதை இன்னும் மோசம். தொட்டி வாங்கியவரை, தண்ணீர் பக்குவப்படட்டும் என்று மூன்று வாரம் வெறும் தண்ணீரை ஓடவிட்டு வைத்திருக்கச் சொன்னார் நைனா. புடவை எடுக்க வந்தவர்கள் எல்லாம் எங்கே மீன், எங்கே மீன் என்று கேட்க, அந்தப் பெரிய மனுஷர் கல்லாவில் உட்கார்ந்துகொண்டு, "தண்ணி பழுத்துக்கினு கீதும்மா" என்று ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். நாலாவது வாரம் ஆறு மோலி மீன் கிடைத்தபோது கடையில் எல்லாருக்கும் ஜிலேபி கொடுத்தார்.

மாதத்தில் ஒரே ஒரு நாள் மட்டும் நைனாவின் 'வேணாம்' கேட்காது. கிருத்திகை அன்று கடை பூட்டு. பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல், முந்நூற்று அறுபத்தைந்து படியும் வெறுங்காலோடு ஏறி முருகனைப் பார்த்துவிட்டு வருவார். அன்று புழுவையும் மீன் தீனியையும் கையால் தொடமாட்டார். சாவியைப் பக்கத்துச் சைக்கிள் கடை பாயிடம் கொடுத்துவிடுவார், அவர் வந்து தீனி போடுவார். இது எத்தனையோ வருட ஏற்பாடு.

நான் இந்த வம்பில் மாட்டியது என் மனைவி கோமதிக்காக. அவள் வயிற்றில் ஒரு கட்டி இருப்பதாக ஸ்கேனில் தெரிந்தது. பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் உடம்பில் ரத்தம் குறைவு, மூன்று நாலு மாதம் மாத்திரை சாப்பிட்டுத் தேறிய பிறகு ஆபரேஷன் என்றார் சென்னை டாக்டர். பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்ன அந்த நிமிடத்தில்தான் எங்களுக்குப் பயமே வந்தது. நான் காலையில் ரயிலேறிச் சென்னை ஆபீசுக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவேன். மகன் வெளியூர் விடுதியில் இருக்கிறான். நாள் முழுக்க அவள் தனியாக உட்கார்ந்து வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் அசையும்படி ஏதாவது இருக்கட்டும் என்றுதான் மீன் வாங்கப் போனேன்.

"வேணாம் நைனா."

"வீட்ல உடம்பு சரியில்லீங்க. பொழுதுபோக்கா…"

"உடம்பு சரியில்லாத வூட்ல மீனும் செத்தா இன்னா பண்ணுவ?"

அன்று திரும்பிவிட்டேன். ஆனால் தினமும் போனேன். ஐந்தாவது தடவை, வீட்டுத் தண்ணீரைப் பாட்டிலில் கொண்டுவரச் சொன்னார். கொண்டுபோனேன். முகர்ந்து பார்த்தார். ஒரு வாய் குடித்துக் கண்ணை மூடினார்.

"கே.ஜி.கண்டிகை போற பக்கம். போர் தண்ணி. கரெக்டா?"

கரெக்ட்.

"இதுல நியான் டெட்ராவ வுட்டா நாலு நாள்ல மல்லாந்துடும். உப்புத் தண்ணிக்குக் கப்பி மீனுதான் தாங்கும். ஆம்பள கப்பி மட்டும் ஒம்பது தரேன். பொம்பளைய சேத்தா குட்டி போட்டுத் தள்ளி, ஆறு மாசத்துல நீ வாசல்ல படுக்கணும். வேற எத்தயும் உள்ள வுடாத. அழகா கீதுன்னு வுடாத, பாவமா கீதுன்னு வுடாத. சத்தியம் பண்ணு."

சத்தியம் செய்தேன். தண்ணீர் ஏற்கெனவே பழுத்த ஒரு தொட்டியோடு ஒன்பது கப்பிகளையும் பையில் கட்டிக் கொடுக்கும்போது மூன்று தடவை எண்ணினார்.

கோமதி பொதட்டூர்பேட்டை நெசவுக் குடும்பத்துப் பெண். சின்ன வயதிலிருந்து நூல் சுற்றிய கை. ஒன்பது கப்பிக்கும் வாலின் நிறத்தை வைத்துச் சாயப் பெயர் வைத்துவிட்டாள். மாம்பழ மஞ்சள், ஆனந்தா நீலம், அரக்கு, மயில்கழுத்து, வாடாமல்லி என்று தறிக்கார வீட்டுப் பட்டியல் முழுக்கத் தொட்டிக்குள் நீந்தியது. வெகுநாள் கழித்து அவள் முகத்தில் சிரிப்பைப் பார்த்த சந்தோஷத்தில் நான் ஒரு தப்பு செய்தேன். சென்னையில் ஆபீசுக்குப் பக்கத்துக் கடை ஒன்றில் குட்டி ஏஞ்சல் மீனைப் பார்த்தேன். அஞ்சு ரூபாய்க் காசு அகலம்தான் இருந்தது. வெள்ளி ஜரிகை போட்டது போன்ற உடம்பு. அழகாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. சத்தியத்தை மறந்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஏஞ்சலை விட்ட அன்று கோமதி எண்ணிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"ஏங்க, பத்து மீனு. ஆபரேஷன் வரைக்கும் பத்தும் இருந்துச்சின்னா எனக்கு ஒண்ணும் ஆவாது. மனசுல அப்படி வெச்சிக்கினேன்."

மனசுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று வாங்கியதில் உயிரையே கட்டித் தொங்கவிட்டுவிட்டாள். மனைவியின் உயிர் ஒன்பது கப்பியையும் ஓர் ஏஞ்சலையும் நம்பி இருக்கிறது என்று தெரிந்த பிறகு எந்தப் புருஷனுக்குத் தூக்கம் வரும்? ஆபீசிலிருந்து மூன்று தடவை போன் செய்வேன். "சாப்டியா?" என்று தொடங்கி "பத்தும் கீதா?" என்று முடிப்பேன்.

ஒரு மாதம் பத்தும் இருந்தன. பிறகு ஒரு காலையில் மாம்பழ மஞ்சளைக் காணோம்.

செத்து மிதக்கவில்லை. துள்ளி வெளியே விழுந்திருக்குமோ என்று கட்டிலுக்கு அடியில், பீரோவுக்குப் பின்னால், செருப்புக்குள்ளே எல்லாம் தேடினேன். எறும்பு வரிசைகூட இல்லை. கோமதி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். அன்று அடுப்பு பற்ற வைக்கவில்லை.

அடுத்த மாதம் ஒரு காலையில் ஆனந்தா நீலத்தைக் காணோம்; நல்லவேளை, கோமதி இன்னும் எண்ணவில்லை. அன்று ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு, வெளியில் வேலை இருப்பதாக அவளிடம் சொல்லிவிட்டு, நைனா கடைக்கு ஓடினேன். அதே நீலத்தில் ஒன்றை வாங்கி, அவள் பார்க்காத நேரத்தில் தொட்டிக்குள் விட்டுவிடலாம் என்பது திட்டம்.

"எப்பிடி செத்துச்சு?" என்றார் நைனா.

"தெரியலீங்க."

"பொணம்?"

"கெடைக்கலீங்க."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். "உள்ள வேற இன்னா வுட்ட?"

அப்போதே ஏஞ்சலைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும். பயத்தில், "ஒண்ணும் வுடலீங்க" என்று சொல்லிவிட்டேன்.

"கொல நடந்த வூட்டுக்கு நான் மீனு தரமாட்டேன். வேணாம் நைனா."

அரக்கோணம் போய் வேறு ஒரு கடையில் நீலக் கப்பி வாங்கி வந்து விட்டேன். கோமதி தொட்டியருகே வந்து அரை நிமிடம்கூட நிற்கவில்லை. "இது ஆனந்தா இல்லீங்க. இது இங்க் நீலம்" என்றாள். சாயம் பார்த்த கண்ணை நான் ஏமாற்றப் பார்த்தது எவ்வளவு பெரிய முட்டாள்தனம். அந்தப் புதிய கப்பியும் திடீரென்று தண்ணீர் மாறியது தாங்காமல் மறுநாளே மல்லாந்தது.

மூன்றாவது மாதம் வாடாமல்லி போயிற்று. ஆறு கப்பியும் ஓர் ஏஞ்சலும் மிச்சம். ஆபரேஷனுக்கு நாலு வாரம்கூட இல்லை. கோமதி பல்லைக்கூடத் துலக்காமல் என் முன்னால் வந்து நின்றாள்.

"ஆபரேஷன் வேணாங்க."

அவள் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அமைதியாகச் சொன்னாள். கட்டியை அப்படியே விட்டுவைத்தால் என்ன ஆகும் என்று டாக்டர் சொல்லியிருந்தது என் ஒருவனுக்குத்தான் தெரியும். நேராக நைனா கடைக்குப் போய், அவர் "வேணாம்" என்று தொடங்குவதற்குள், கட்டி, பத்து மீன், ஏஞ்சல், என் பொய் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். சொல்லும்போதே அழுதும்விட்டேன்.

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. எழுந்து கடையின் ஷட்டரை இழுத்து மூடினார். கிருத்திகை அல்லாத நாளில் பட்டப்பகலில் அந்தக் கடை மூடியதை யாரும் பார்த்ததில்லை. பக்கத்து பாய் பஞ்சர் ஒட்டுவதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்தவர் தொட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் ஏஞ்சலையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாங்கிவந்த அஞ்சு ரூபாய்க் காசு இப்போது உள்ளங்கை அகலம் ஆகியிருந்தது. தினம் பார்த்ததில் எங்களுக்கு அது தெரியவே இல்லை. கோமதி சுவரோரமாக நின்றாள்.

"யம்மா, மீனு எந்தெந்த நாளு காணாம பூட்டுச்சு?"

அவள் யோசிக்கவே இல்லை. "மூணும் கிருத்திகைக்கு மறுநாளு காலையிலண்ணா. அதான் எனக்கு பயமே. இந்த ஆபரேஷனுக்காகத்தான் மூணு மாசமா விரதம் இருக்கறேன். சாமிக்கு எம்மேல இன்னா கோவமோ."

"கிருத்திகைக்கு மீனுக்கு இன்னா தீனி?"

"தீனியா?" என்று கோமதி அதிர்ந்துபோனாள். "எப்படிண்ணா? புழுவ வூட்டுக்குள்ள எடுக்கறதா? டப்பா தீனியில கூட மீன் தூளுன்னு போட்டுக்கீது. கிருத்திகைக்கு நம்ம வூட்ல கவிச்சியே கெடையாது."

"அப்ப ஏஞ்சலும் விரதம்."

"ஆங்."

நைனா நாற்காலியைத் திருப்பிப் போட்டு அவளைப் பார்த்து உட்கார்ந்தார்.

"அதுவும் பொழுது வரைக்கும் விரதம் இருந்துட்டு, ஒரு கப்பிய தின்னு முடிச்சிருக்குது யம்மா. ஏஞ்சலு வளந்துட்டா வாயிக்குள்ள போற மீன அதோட சேக்கக் கூடாது. தீனி தவறாம போட்டா சும்மா இருக்கும். ஒரு நாளு பட்டினின்னா பக்கத்துல கீறது சொந்தக்காரனா, வேண்டியவனான்னு பாக்காது." கொஞ்சம் நிறுத்தினார். "சாமி இல்ல யம்மா. பசி."

கோமதி தொட்டியருகே வந்து ஏஞ்சலைப் பார்த்தாள். பிறகு, "அப்ப என் விரதம்தான் மூணையும் கொன்னுச்சா?" என்று கேட்டாள்.

"உன் விரதம் உனுக்கு. அது இன்னா பண்ணுச்சு உன்ன? நானும்தான் விரதம் இருக்கறேன். என் கடைக்கு பாய் வந்து தீனி போடறாரு. நீ மீனையும் விரதத்துல சேத்தது தப்பு, உன் வூட்டுக்காரரு ஏஞ்சல கப்பியோட சேத்தது தப்பு. உன் வவுத்துல கீறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. அத்த டாக்டரு எடுத்துடுவாரு."

"ஆனா பத்துன்னு மனசுல வெச்சேன்ணா. ஏழுதான கீது."

எந்த மீனைக் கேட்டாலும் 'செத்துப் பூடும்' என்று சொல்லியே வாழ்ந்தவர் நைனா. யாருக்கும் எந்த மீனுக்கும் உறுதி கொடுத்ததில்லை. அன்று அவர் உதடு இரண்டு தடவை அசைந்து, மூன்றாவது தடவைதான் சத்தம் வந்தது.

"ஏழுன்னு மாத்தி வெச்சிக்கோ. நீ ஆபரேஷன் முடிஞ்சி திரும்பி வந்து எண்ணும்போது ஏழும் இருக்கும். சாவிய எங்கிட்ட குடுத்துட்டுப் போ. கிருத்திகைக்கு பாய் வந்து தீனி போடுவாரு."

ஏஞ்சலை எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்றுதான் முதலில் சொன்னார். அதுவும் ஏழில் ஒன்று, அது கண்முன்னால் இருக்க வேண்டும் என்று கோமதி பிடிவாதம் பிடித்தாள். அதனால் தொட்டிக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் வலையைத் தடுப்பாகச் செருகிக் கொடுத்தார். "பசி வந்தா இது சந்து தேடி அந்தப் பக்கம் பூடும். ஒரு நாளு தீனி தப்பக் கூடாது" என்று என்னிடம் தனியாகச் சொன்னார். அவர் முகத்தைப் பார்த்தால் ஆபரேஷன் அவருக்குத்தான் என்று தோன்றும்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் கிருத்திகை. கட்டி சாதாரணக் கட்டிதான் என்று டாக்டர் சொன்னதைக் கேட்ட பிறகும் கோமதி மயக்கத்தோடு என்னிடம் கேட்டது, "இன்னிக்கு கிருத்திகை, பாய் தீனி போட்டாரான்னு பாத்துட்டு வாங்க" என்றுதான். அவள் அக்காவைத் துணைக்கு வைத்துவிட்டு, மாற்றுத் துணி எடுத்துவர அடுத்த ரயிலைப் பிடித்தேன். பெட்டி முழுக்கக் காவடியும் அரோகராவும். எனக்கு வழியெல்லாம் ஏழு, ஏழு என்றுதான் நெஞ்சு அடித்தது.

வீட்டுக் கதவு திறந்திருந்தது. வாசல் குழாயில் ஒரு ருத்ராட்ச மாலை தொங்கியது.

உள்ளே நைனா நின்றார். மஞ்சள் வேட்டி, வெறும் உடம்பு, உடம்பெல்லாம் விபூதி. வலது உள்ளங்கையில் சிவப்புச் சிவப்பாகப் புழு நெளிந்துகொண்டிருந்தது. ஏஞ்சல் பக்கம் ஒரு சிட்டிகை, கப்பி பக்கம் ஒரு சிட்டிகை என்று போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் திருடனைப் போல விழித்தார்.

"பாய் சம்சாரத்துக்கு ஒடம்பு முடியலன்னு விடியக்காலையிலயே ஆம்பூருக்குப் பூட்டாரு நைனா. இங்க தீனி போட ஆளில்லன்னு எனுக்கு எரநூறாவது படியிலதான் ஞாபகம் வந்துச்சு."

"பாதிப் படியில திரும்பிட்டீங்களா?"

"ஆங்."

"உங்க கடை மீனுக்கு?"

"கடைல அல்லாம் ஜோடி பாத்து வெச்சிக்கீறேன். ஒரு நாளு தாங்கும். இங்க தாங்காது."

"விரதம்…" என்று இழுத்தேன்.

"சாமி கேட்டா நான் சொல்லிக்கறேன். நீ வூட்ல சொல்லாத. அவங்க மனசு ஒரு மாதிரி ஆயிடும்."

வெளியே போய்க் குழாயடியில் கையை மூன்று தடவை சோப்புப் போட்டுத் தேய்த்தார். மாலையை எடுத்து மாட்டிக்கொண்டு, மறுபடி முதல் படியிலிருந்து ஏறுவதற்காக வெயிலில் வெறுங்காலோடு நடந்தார். நான் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து எண்ணினேன். ஏழு.

கோமதி வீட்டுக்கு வந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நேராகத் தொட்டியருகே போய் நின்று எண்ணினாள். ஏழு. "பாய்க்கு ஒரு நல்ல லுங்கி எடுத்துக் குடுக்கணுங்க" என்றாள். நான் சரி என்றேன். பாய் அந்த லுங்கியை வாங்கிக்கொண்டு, எதற்கு என்று புரியாமல் இன்னமும் கட்டிக்கொண்டிருக்கிறார்.

இரண்டு மாதம் கழித்து, நடக்கலாம் என்று டாக்டர் சொன்ன பிறகு, இருவரும் ஆட்டோ பிடித்து மலைக்குப் போனோம். அர்ச்சனைக்குக் குருக்கள் பெயர், நட்சத்திரம் கேட்டார். கோமதியுடையதைச் சொன்னேன். தட்டை எடுக்கப் போனவரை நிறுத்தி, இன்னொருவர் பேரிலும் செய்ய வேண்டும் என்றேன்.

"பேரு?"

"தெரியாதுங்க சாமி."

"நட்சத்திரமாவது தெரியுமா?"

அதுவும் எனக்குத் தெரியாதுதான்.

"கிருத்திகைன்னு போட்டுக்குங்க" என்றேன்.

கோமதி திரும்பி என்னைப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, பையிலிருந்து இன்னும் இரண்டு பழத்தை எடுத்துத் தட்டில் வைத்தாள்.